வண்ணப் பூ டாட்டூ: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேன்-தெனி நகரில் உள்ள ஒரு டாட்டூக் கடையில் நம் பெண் ஒருத்திக்கு நடந்தது இது. மேற்கையில் தாமரை, செம்பருத்தி, சுற்றிலும் மல்லிகைச் சரம் என்று பேசி 150 யூரோ முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். படத்தைக் கண்ணில் காட்டியதே குத்தும் நாளன்றுதான். இணையத்தில் எடுத்த படம். அவள் கைக்கென்று எதையும் மாற்றவில்லை. "வேண்டாமென்றால் முன்பணம் திரும்பாது" என்றதும் பாவம், உட்கார்ந்துவிட்டாள்.

ஆறியபின் மல்லிகை இருந்த இடமே தெரியவில்லை. தாமரை கன்றிப்போன தோல் மாதிரி இருக்கிறது.

மை 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் தங்கும். அதற்கு மேலுள்ள தோலின் நிறத்தைத் தாண்டித்தான் நம் கண்ணுக்கு வரும். மாநிறத்திலும் கறுப்பிலும் வெள்ளை, வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு மூன்றும் மங்கிப் பழுப்பேறிவிடும். அடர்சிவப்பு, மஜந்தா, ஆரஞ்சு, கரும்பச்சை எடுப்பாக நிற்கும். மல்லிகைதான் வேண்டுமென்றால், சுற்றி இருண்ட இலைகளைப் போட்டு இதழை வெறும் தோலாக விடவேண்டும். இதை முதல் பேச்சிலேயே சொல்லாதவர் நம் தோலில் அதிகம் வேலை செய்தவர் அல்ல. அந்தக் கடை ஆல்பத்தில் இருந்தவை வெள்ளைத் தோலில், குத்திய அன்றே எடுத்த படங்கள். மாநிறத் தோலில் ஒரு வருஷம் கழிந்த படத்தைக் கேளுங்கள்.

அடுத்தது அளவு. 12 செ.மீ. இடத்தில் மூன்று வகைப் பூ, அதில் அரிசி அளவு மொட்டுகள்! வருஷம் போகப்போக மை பரவும், நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு இரண்டு பெரிய பூவும், தெளிவான கறுப்பு வெளிக்கோடும் போதும். பெரிய வேலை என்றால் கோட்டை ஒரு நாள் முடித்து, 3, 4 வாரம் ஆறவிட்டு நிறம் ஏற்றுவது நல்லது. இவளுக்கு எல்லாம் ஒரே நாளில். புண்ணான தோலிலேயே ஊசி திரும்பத் திரும்ப ஓடியதில் நிறம் பிடிக்கவில்லை, தழும்புதான் மிச்சம்.

இலைக்கான பச்சை மை லேபிள் இல்லாத புட்டியிலிருந்து வந்தது. இதை விடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக் கட்டுப்பாடு இங்கேயும் செல்லும்: 2022 ஜனவரி முதல் டாட்டூவுக்கானது என்ற குறிப்பும் தொகுதி எண்ணும் லேபிளில் இருக்கவேண்டும், நீலம் 15:3, பச்சை 7 என்ற நிறமிகளுக்கு 2023 ஜனவரியிலிருந்து தடை. லேபிளைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பில். குடும்பத்தில் யாருக்காவது தழும்பு தடித்து வளருமென்றால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

முன்பணம் கேட்பது தொழில் வழக்கம்தான். ஆனால் படம் எந்தத் தேதிக்குள் வரும், எத்தனை தடவை திருத்தலாம், ஆறியபின் நிறம் விட்ட இடத்தை இலவசமாக நிரப்புவார்களா, எல்லாம் ரசீதில் எழுத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அவசரப்பட்டு லேசருக்கு ஓடாதீர்கள். வெள்ளையும் வெள்ளை கலந்த இளஞ்சிவப்பும் லேசர் பட்டால் கறுத்துப்போகலாம். தோல் மருத்துவரிடம் ஓரத்தில் சிறு புள்ளி அளவு சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.