பாட்டை ஆன்லைனில் ஏற்றித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடும் முன்

பாளையங்கோட்டையில் சர்ச் கொயருக்கு டிரம்ஸ் வாசித்துப் பழகி, பிறகு பங்க் ராக் பேண்டில் உட்கார்ந்தவன் நான். ஆறு வருஷமாக வீட்டு மாடியறையில் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடுகிற சின்ன லேபிள் ஒன்றும் நடத்துகிறேன். நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் சொந்தமாகப் பாட்டு போடுகிற தம்பிகளே, "எல்லா ஆப்லயும் ஏத்தித் தரோம், காசே வேண்டாம்" என்று யாராவது தாளை நீட்டினால் கொஞ்சம் நில்லுங்கள். நான் கையெழுத்துப் போட்டேன். போனது என் பாட்டு மட்டுமில்லை.

லேபிள் ஆசை வந்ததே டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸால்தான். 1980-ல் அமெரிக்காவின் வாஷிங்டனில் இயன் மெக்கையும் டிரம்மர் ஜெஃப் நெல்சனும் தொடங்கியது. டீன் ஐடில்ஸ் என்ற தங்கள் பேண்ட் கலையும்போது, கச்சேரியில் சேர்ந்த காசைப் பங்கு போடாமல் இசைத்தட்டு போட்டார்கள். உறையைக் கத்தரியால் வெட்டி, கையாலேயே மடித்து ஒட்டினார்கள். பேண்டுகளோடு எழுத்து ஒப்பந்தமே வைத்துக்கொள்ளாத லேபிள் அது. நானும் வாய்ப்பேச்சிலேயே எல்லாரோடும் வேலை செய்தேன். அது பழகினவர்களுக்குள் செல்லும். முகம் தெரியாத கம்பெனியிடமும் அதே நம்பிக்கையில் இருந்துவிட்டேன்.

நாங்குநேரி பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தைப் பதிவு செய்திருந்தேன். அதில் அடிக்கிற தோல் பறைக்கு மகுடம் என்று பெயர். இரண்டு மகுடம், உச்சமும் மந்தமும். நடுச்சாமத்துப் பனியில் தோல் தொய்ந்ததும் ஓலையைக் கொளுத்தி, அனலில் மகுடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். விரலால் தட்டிப் பார்த்து, போதாதென்று இன்னொரு தரம் காட்டினார்கள். மூன்றாவது தட்டில் சத்தம் கணீரென்று ஏறியது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது. வருகிற காசில் பாதி அவர்கள் செட்டுக்கு என்று, கூத்தைப் பாடி நடத்துகிற அண்ணாவியிடம் பேசித்தான் வெளியிட முடிவு செய்தேன். அவர் பேரனுக்கும் ஒரு காப்பி கொடுத்தேன்.

அந்தக் கம்பெனி அனுப்பிய ஒப்பந்தம் பதினோரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். "சும்மா ஃபார்மாலிட்டிதான் ப்ரோ" என்றார் போனில் பேசியவர். நாலாம் பக்கத்தில் 'அசைன்' என்று ஒரு சொல் இருந்தது. லைசென்ஸ் என்றால் வாடகைக்கு விடுவது, அசைன் என்றால் கிரயமே எழுதிக் கொடுப்பது. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் பதிப்புரிமை 60 வருஷம். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், எழுதிக் கொடுத்தது சட்டப்படி 5 வருஷத்துக்குத்தான் செல்லும். அவர்கள் விவரமாக 'முழுக் காலத்துக்கும்' என்று எழுதியிருந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து அண்ணாவியிடமிருந்து போன். "தம்பி, எம் பேரன் நம்ம கூத்தைப் போட்டா, வேற யாரோ சொத்துன்னு வருதாம்லா? யாருக்குய்யா எழுதிக் குடுத்தீங்க?" எனக்குப் பேச வாய் எழவில்லை.

நடந்தது இதுதான். கம்பெனி என் பதிவை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருக்கிறது. அதே ஒலி எந்த வீடியோவில் வந்தாலும் மெஷின் கண்டுபிடித்துவிடும், விளம்பரக் காசு கம்பெனிக்குப் போகும். பேரன் ஆட்சேபித்தான், நிராகரித்துவிட்டார்கள். இத்தனைக்கும் பதினாலு மாதத்தில் எனக்கு வந்தது 1,140 ரூபாய். கணக்கு கேட்டால் பதிலே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் ஐஎஸ்ஆர்சி எண்களைக்கூட அவர்கள் பெயரிலேயே வாங்கியிருந்தார்கள். அது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள, எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட அடையாளம்.

பாளையங்கோட்டை வக்கீல் ஒருவர் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணாவி எங்க கையெழுத்துப் போட்டிருக்காரு?" போடவில்லை. வாசித்தவருக்கும் பாடினவருக்கும் தனியாக 50 வருஷ உரிமை சட்டத்தில் இருக்கிறதாம். அவர்கள் எழுதித் தராததை நான் எப்படி விற்க முடியும் என்ற பிடியை வைத்து, அண்ணாவி பெயரிலேயே நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

அண்ணாவியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது யாரைப் பதிவு செய்தாலும் தமிழில் ஒரு பக்கம் எழுதி, உட்கார்ந்து வாசித்துக் காட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். அந்தத் தாளின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். நோட்டீஸுக்கு இன்னும் பதில் இல்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.