ஸ்டாப் ஒயருக்குத் தண்டம் அழுத பத்தாயிரம்

தூத்துக்குடிப் பக்கம் வள்ளம் வைத்து, பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், மெக்கானிக்கிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என் மோட்டாருக்கு 20 வயது ஆகிறது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. எங்கள் சாளை மீனுக்கு நாலு காசு கிடைப்பதே அப்போதுதான். சரியாக அந்த நேரம் பார்த்து மோட்டார் மக்கர் பண்ணியது. நன்றாக ஓடும், திடீரென்று யாரோ அணைத்துவிட்ட மாதிரி நிற்கும். எண்ணெய்க் கோளாறு என்றால் இருமி, திணறி, அப்புறம்தான் நிற்கும். இது அப்படி இல்லை. கரன்ட் பக்கம்தான் கோளாறு என்பது எனக்கே தெரிந்தது. அதோடு, கரைக்குத் திருப்பும்போதுதான் அதிகம் நின்றது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றி எஞ்சினில் ஒட்டிப் பிடித்து, ரோப்பை இரண்டு இழு இழுத்தார். பொறி வரவில்லை. "சிடிஐ போச்சு அண்ணாச்சி" என்றார். பிளக்குக்குப் பொறி வரவைக்கும் மின்பெட்டிதான் சிடிஐ. மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. ஒரிஜினல் ஜப்பான் பெட்டி 6,500, கூலி 800. பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன பில்லு?" என்று சிரித்தார். பழைய பெட்டியை, "இது குப்பைதானே" என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் கரைக்கு மூன்று மைல் இருக்கும்போது அதே மாதிரி நின்றது. இந்த முறை பிளக்குக்குக் கரன்ட் கூட்டிக் கொடுக்கும் இக்னிஷன் காயில் என்றார், கூலியோடு 3,000. அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. அடுத்து, எஞ்சின் மேலே சுற்றும் காந்தச் சக்கரமான பிளைவீலுக்கு அடியில் இருக்கும் காயிலைப் பார்க்க வேண்டும் என்று சுத்தியலைக் கையில் எடுத்தார். பிளைவீலைக் கழற்ற புல்லர் என்று தனிக் கருவி இருக்கிறது. தட்டிக் கழற்றினால் காந்தம் விரிசல் விடும், உள்ளே இருக்கும் கிராங்க் தண்டு அடிவாங்கும். "தம்பி, போதும்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்து ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பக்கம் திருப்பும்போது நிக்குது?" கைப்பிடியை இடப்பக்கம் மடக்கச் சொல்லி, ஸ்டாப் பட்டனிலிருந்து சிடிஐக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். கைப்பிடி மடங்கும் இடத்தில் ஒயரின் தோல் உரிந்து, செம்பு பச்சை பூத்து, இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்டாப் பட்டன் செய்கிற வேலையே அந்த ஒயரை எர்த்தில் சேர்த்துப் பொறியை நிறுத்துவதுதான். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் நானே என் மோட்டாரை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்த ஒயரை மட்டும் சிடிஐ பக்கம் கழற்றிவிட்டு ரோப்பை இழுத்தார். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி. ஒயர் 60 ரூபாய். கூலி வாங்க மாட்டேன் என்றவர் கையில் 200 ரூபாயைத் திணித்துவிட்டு வந்தேன்.

பொறி இல்லை என்று சொன்னால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை. ஒயரைக் கழற்றிய நிலையில் பட்டனை அமுக்கினால் மோட்டார் நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். பிளக்கை எர்த்தில் தொடாமல் ரோப்பை இழுக்கவும் விடாதீர்கள், நல்ல சிடிஐயே அடிபடும். கழற்றுகிற பழைய சாமானை அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் எங்கள் கரையில் ஒருவர் மோட்டார் மூடியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இருந்த சிடிஐயின் ஓரத்தில் பச்சைப் பெயின்ட். என் வள்ளத்துக்கு அடித்தபோது என் கையாலேயே சிந்தியது. செகண்ட் ஹேண்ட் என்று அதே மெக்கானிக்கிடம் 3,000 கொடுத்து வாங்கினாராம். போய்க் கேட்டேன். "பச்சைப் பெயின்ட் உங்ககிட்ட மட்டுமா இருக்கு அண்ணாச்சி?" என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம் என்றார்கள். பில் இல்லாமல் எதைக் காட்டுவது?

புதுப் பெட்டி மேலே பார்ட் நம்பர்கூட இல்லை. காலையில் நாலைந்து தடவை இழுத்தால்தான் கிளம்புகிறது. பக்கத்து வள்ளத்தில் என் பழைய பெட்டி ஒரே இழுப்பில் கிளம்பிப் போகிறது.