உபவிதி திருத்தும் ஆலோசனைக் குழு: நியமனமா, சங்கமா, சீட்டா?

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பிரதேச சபை சுற்றாடலும் காணிப் பயன்பாடும் சம்பந்தமான தன் உபவிதிகளை, அதாவது தன் எல்லைக்குள் செல்லும்படி தானே போடும் விதிகளை, திருத்தப்போகிறது, அதற்கு ஊர்ச்சனத்தைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவில் யார் இருப்பது? தவிசாளர் ஆட்களைத் தெரிவுசெய்யலாம், சங்கங்களிடம் பெயர் கேட்கலாம், அல்லது வாக்காளர் இடாப்பிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கலாம். நாலாவதாகவும் ஒரு வழி உண்டு. சட்டத்தில் அதற்கு நேரான கதவு இல்லாததால் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என் கண் அதில்தான் இருக்கிறது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

சபையின் கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். பார்க்காமல் குழுவைக் கூட்டினால், முதற்கூட்டத்தில் எல்லோரும் கிரவல் ஏற்றும் டிப்பர் லொறியைப் பற்றிக் கத்துவார்கள். இரண்டாம் கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். கிரவலும் மணலும் அள்ளுவதற்கான உரிமம் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தினுடையது. காட்டுக்கு எல்லைக்கல் நடுவது வனவளத் திணைக்களம். நந்திக்கடலும் சுண்டிக்குளமும் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். வயலை மூடி நிரப்ப வேண்டுமானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். 80 ஹெக்டேயருக்குள் நீர் பாய்ச்சும் சிறுகுளம் என்றால் கமநலப் பக்கம் போகவேண்டும், அதற்கு மேல் என்றால் நீர்ப்பாசனப் பக்கம். மன்னார்த் தீவில் 2025இல் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகச் சனம் வீதிக்கு வந்ததே, அந்த மாதிரி விடயத்தை எந்தச் சபையின் உபவிதியும் தடுத்துவிடாது.

சபைக்கு மிஞ்சுவது கட்டட அனுமதி, வியாபார உரிமம், குப்பை, வடிகால், சபை வீதிகள் என்பவைதான். மத்திய சுற்றாடல் அதிகாரசபை உள்ளூராட்சியிடம் கையளித்திருக்கிற சிறு தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் சேர்க்கலாம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் டிப்பர் கடைசியில் ஏறுவது சபை வீதியில். ஏ9 பெருந்தெரு ஓரத்து வயலை நிரப்பிக் கடை கட்டுகிறவர் வந்து நிற்பதும் சபையின் கருமபீடத்தில். ‘வயல், குளத்து ஒதுக்கீடு, வாய்க்கால் ஆகியவற்றை அண்டிய காணி என்றால் கமநல சேவை நிலையத்தின் கடிதம் இல்லாமல் கட்டட விண்ணப்பத்தை ஏற்கமாட்டோம்’ என்று ஒற்றை வரி உபவிதியாக வந்தால், அது பத்துப் பதாகைகளுக்குச் சமம். குழு மெனக்கெட வேண்டியது இப்படியான வரிகளில்.

சரி, நியமனத்துக்கு வருவோம்.

இதில் வேகம் இருக்கிறது, அதை மறுக்கேலாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே சபை உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் குழுக்களில் சேர்க்க இடம் வைத்திருக்கிறது. ஆகவே ஒரு தீர்மானத்தோடு குழு பிறந்துவிடும். பிறக்கிற குழு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான்: ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கோயில் தர்மகர்த்தா ஒருவர், வர்த்தகர் ஒருவர், கட்சிக்கு ஒருவர், தவிர்க்கவே முடியாத ஒரு கொந்தராத்துக்காரர். மாலை போட்டு வரவேற்கிற எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்கும் அதே முகங்கள். நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும். தங்களை நியமித்தவரின் முகம் சுருங்கும்படி ஒரு வரி எழுத அவர்களுக்குக் கை வராது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆயுள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 அன்று தேர்தல் நடந்து புதிய சபைகள் கூடும்வரை செயலாளர்களே நிர்வாகத்தைக் கொண்டு நடத்தினார்கள். தவிசாளரின் விருப்பத்தில் உயிர் வாழும் குழு, தவிசாளர் போனதும் போய்விடும். உபவிதி என்பதோ ஒரு வருடத்தில் முடிகிற வேலை இல்லை. சபையில் நிறைவேறி, மாகாண மட்டத்தில் ஒப்புதல் பெற்று, வர்த்தமானியில் வந்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். 2018 ஒக்டோபருக்குப் பிறகு வடக்கில் தெரிவான மாகாண சபையும் இல்லை. கோப்பு ஆளுநர் பக்கம்தான் போகவேண்டும்.

சங்கங்களிடம் பெயர் கேட்கும் முறை இதைவிட எவ்வளவோ மேல். கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம் என்று வன்னியில் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. சில ஊர்களில் வீட்டைவிடச் சங்கம் அதிகமோ என்று தோன்றும். சங்கத்திலிருந்து வருகிறவருக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். குழுவில் பேசியதை அவர் ஊரில் போய்ச் சொல்லியாக வேண்டும், ஊர் ஏசினால் திரும்பி வந்து சொல்லவும் வேண்டும். எந்தக் குளத்தின் வான் (நிரம்பி வழியும் இடம்) எந்த மழைக்குப் பாயும், எந்தத் துருசு (மதகு) ஒழுகுகிறது, எந்த வாய்க்காலுக்கு மேல் யார் மதில் கட்டினார்கள் என்பதெல்லாம் கமக்காரர் அமைப்பின் செயலாளருக்குக் கைரேகை மாதிரி. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று ஒரு வரைபடத்தை விரித்துக் கேட்டால், அவர் வரைபடத்தில் இல்லாத இரண்டு கோடுகளைக் கீறிக் காட்டுவார்.

ஆனால் சங்கத்தில் இல்லாதவர்களின் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். கமக்காரர் அமைப்பில் நடைமுறையில் குரல் இருப்பது குளத்துக்குக் கீழே வயல் உள்ளவருக்கு. குத்தகைக்குச் செய்கிறவர் கூட்டத்துக்கு வந்தாலும் பின்வாங்கில்தான் இருப்பார். மலையகத்திலிருந்து 1977க்கும் 1983க்கும் பிறகு வந்து காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் எத்தனையோ பேர் இன்றைக்கும் காணிக்குப் பேமிட் (அனுமதிப் பத்திரம்) இல்லாமல் இருக்கிறார்கள். ‘அனுமதியற்ற குடியிருப்பு’ என்று உபவிதியில் ஒரு சொல் விழுந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்; அந்தச் சொல்லை எழுதும் மேசையில் அவர்கள் இல்லை.

மாடு வளர்ப்பவர்களின் கதை இன்னும் மோசம். காலபோகம் (மாரிகால நெற்செய்கை) தொடங்கினால் மாட்டை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். மேய்ச்சல் தரை என்று ஒதுக்கிய நிலம் போதாது. காட்டுக்குள் விட்டால் திணைக்களம். வருடத்தில் சில மாதம் அவர்களுக்கு ஆறுதல் தருவது வற்றிய குளத்தின் அலைகரையில், அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில், முளைக்கும் புல்தான். அந்த அலைகரையைக் காப்பாற்ற நல்ல மனதோடு ‘ஒதுக்கீட்டுக்குள் எந்தப் பயன்பாடும் கூடாது’ என்று ஒரு விதி எழுதினால், கொட்டில் போட்டவரும் மண் கொட்டியவரும் ஏதோ ஒரு கடிதத்தோடு தப்பிக்கொள்வார்கள், பட்டிக்காரர்தான் வழக்குக்குப் போவார். நான் இருந்த ஒரு கலந்துரையாடலில் இப்படியொரு வரி வாசிக்கப்பட்டபோது மண்டபத்தில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுக்கக்கூடியவர்கள் அந்த நேரம் மாட்டுக்குப் பின்னால் நின்றிருப்பார்கள்.

அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் சீட்டு. இதைச் சொன்னதும் சிரிக்கிறார்கள், ‘லொத்தரா?’ என்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, முதலாம் பராந்தகன் காலம். 30 குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சின்னப் பையன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியம் என்ற நிர்வாகக் குழுவை அமைத்தார்கள். ஏரியைப் பார்ப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. அந்த முறையைப் பொற்காலம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள 35க்கும் 70க்கும் இடைப்பட்ட ஆணுக்குத்தான் அந்த ஓலை. அது பிராமணர்களின் ஊர்ச்சபை. எங்கள் பட்டிக்காரர் அங்கேயும் வெளியேதான். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் தடைப் பட்டியலை: முந்திய மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது, இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. இந்தத் தடைகளை இன்றைக்கு எங்கள் சங்கங்களில் அமுல்படுத்தினால் எத்தனை நிர்வாகம் மிஞ்சும் என்பது வேறு கதை.

சீட்டில் வருகிறவரை முன்கூட்டியே யாரும் ‘கவனித்து’ வைக்க முடியாது. மண் வியாபாரம் நடக்கும் இடத்தில் இது பெரிய பலம். பலவீனமும் அதே அளவு இருக்கிறது. நாட்கூலிக்குப் போகிறவருக்குச் சீட்டு விழுந்தால் அன்றைய உழைப்பு போச்சு. சம்பளத்துக்கு ஈடு கொடுக்காமல் கூப்பிட்டால் வரமாட்டார், வராததில் பிழையுமில்லை. வந்தாலும் ‘எனக்கு இதில் என்ன தெரியும்’ என்று முதல் இரண்டு கூட்டத்தை வாய் திறக்காமல் கழிப்பார். தனி ஆளாக வந்தவர் ஊருக்குள் டிப்பர் வைத்திருப்பவரின் பெயரைச் சொல்லிவிட்டு இரவு தனியாகச் சைக்கிளில் வீட்டுக்குப் போகவும் வேண்டும். சங்கத்தால் வந்தவருக்கு இருக்கும் முதுகு இவருக்கு இல்லை. ஆகவே சீட்டு மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். பாதிக் கதிரை சங்கத்துக்கு, பாதிக் கதிரை சீட்டுக்கு. நியமனம் குறிப்பெழுதும் அலுவலருக்கு மட்டும், அவருக்கு வாக்கு இல்லாமல்.

இதுவரை சொன்ன மூன்றும் ஒரு சபையின் எல்லைக்குள் ஆளைத் தேடுகின்றன. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தைத் தொட்டு, கிளிநொச்சியில் இரணைமடுவுக்குள் விழுகிறது. அங்கிருந்து சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகிறது. இரணைமடுவின் கீழ் விதைக்கிறவர்களைக் கொண்டு கிளிநொச்சியில் எவ்வளவு திறமான குழு அமைத்தாலும், ஆற்றின் மேற்பக்கம் மணல் அள்ளும் இடமும் காடு வெட்டும் இடமும் வேறு சபை, வேறு மாவட்டம். சிறுகுளத் தொடர்களிலும் இதுதான் நிலை: மேற்குளத்து வான் தண்ணீர் அடுத்த ஊரின் குளத்துக்குப் போகும், நடுவில் கிடக்கும் வாய்க்காலை இரண்டு ஊருமே தங்களுடையது என்று பார்க்காது. அதனால் நாலாவது வழி என்று நான் சொல்வது, வட்டாரப்படி இல்லாமல் நீரேந்து பரப்பின்படி, அதாவது ஓர் ஆற்றுக்கோ குளத்துக்கோ தண்ணீர் வந்து சேரும் நிலம் முழுவதையும் சேர்த்து, குழு அமைப்பது.

இதற்கு முன்மாதிரி தேடி வெளியே போகவேண்டியதில்லை. விதைப்புக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் என்ன? ஒரு குளத்தின் கீழுள்ள பல ஊர்க் கமக்காரர்கள் அதிகாரிகளோடு ஒரே மண்டபத்தில் இருந்து, எந்தத் திகதி விதைப்பு, எந்தத் திகதி தண்ணீர் திறப்பு, எந்தத் திகதிக்குள் மாட்டைக் கட்டவேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்கு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் பலமும் இருக்கிறது. சனம் கூடி விதி எழுதும் பழக்கம் எங்களிடம் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். குறை எங்கே என்றால், அது துருசுக்குக் கீழே இருப்பவர்களின் கூட்டம். அலைகரைக்கு மேலே இருப்பவர்களுக்கு, அதாவது தண்ணீர் வந்து சேரும் காணிகளில் இருப்பவர்களுக்கு, அங்கே கதிரை இல்லை.

சட்டப்படி பார்த்தால் இந்த நாலாவது வழிதான் ஆக நோஞ்சான். இரண்டு சபைக்குப் பொதுவாக ஓர் உபவிதி எழுத வழியில்லை. ஒரே வாசகத்தை இரண்டு சபையும் தனித்தனியாக நிறைவேற்றவேண்டும். இரண்டு தவிசாளர்களும் இரண்டு கட்சியாக இருந்தால் அது எவ்வளவு இழுபடும் என்று விளக்கத் தேவையில்லை. அதனால் முழுசாக வரும்வரை காத்திராமல், சபைக்குள் அமைக்கும் குழுவிலேயே மேல்நீர்ப் பக்கத்துச் சபைக்கு இரண்டு கதிரை கொடுத்துத் தொடங்கலாம். அவர்களுடைய குழுவில் கீழ்நீர்ப் பக்கத்தார் கதிரை கேட்கும் உரிமையும் அத்தோடு வரும். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் அந்த இரண்டுபேர் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. ஆனால் மணல் என்ற சொல் வரும்போது மண்டபத்தில் நிலவும் அமைதியை அவர்கள் கலைப்பார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு நிபந்தனைகளைத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். ஒன்று, வரைவு எழுதப்படும் முன்பே குழு கூடவேண்டும். எழுதி முடித்த வரைவை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் ஆலோசனை அல்ல. மற்றது, குழு சொல்லும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் சபை குறித்த காலத்துக்குள் ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுத்தில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்டு வாங்கலாம். கேட்க வைக்காமல் அறிவித்தல் பலகையிலேயே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் நாள். ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை கூட்டம் வைத்தால் வயலில் நிற்கிறவர் வரமாட்டார். காலபோக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு உழத் தொடங்கும் முன் உள்ள அந்தச் சில வாரங்கள்தான் தோது. அதிலும் பின்னேரம், பட்டி அடைத்த பிறகு.