ரெட்டினாலிலிருந்து ட்ரெட்டினாயினுக்கு: சில வருடப் பயன்பாட்டில் பார்த்தது

பரு போன பிறகும் கன்னத்தை விட்டுப் போகாத கரும்புள்ளிகளுக்காகத்தான் வைட்டமின் ஏ வகைப் பூச்சுகள் பக்கம் வந்தேன். முதலில் ரெட்டினால் சீரம், பிறகு தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த ட்ரெட்டினாயின் 0.025 சதவீத க்ரீம். இன்றும் அதே அளவுதான். 0.05, 0.1 எல்லாம் உண்டு, தேவைப்படவில்லை.

தோலுக்குள் வேலை செய்வது ரெட்டினாயிக் அமிலம். ட்ரெட்டினாயின் என்பதே அதுதான். ரெட்டினால் போட்டால், தோல் அதை முதலில் ரெட்டினால்டிஹைடாக்கி, அப்புறம் அமிலமாக மாற்ற வேண்டும். அதனால் வேகமும் குறைவு, எரிச்சலும் குறைவு. ரெட்டினைல் பால்மிடேட் என்ற இன்னொரு வைட்டமின் ஏ வடிவம் இன்னும் ஒரு படி பின்னால். அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது.

ட்ரெட்டினாயினின் முதல் வாரங்கள் சுகமாக இல்லை. வாயோரமும் மூக்கு மடிப்பும் உரிந்தன. உள்ளே அடைபட்டுக் கிடந்த பருக்கள் மொத்தமாக மேலே வந்தன. பாதிப் பேர் இந்தக் கட்டத்தில்தான் ட்யூபைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கைகொடுத்தது இதுதான்: முகம் நன்றாகக் காய்ந்த பிறகு மாய்ஸ்சரைசர், அதன்மேல் முகம் முழுதுக்கும் ஒரு பட்டாணி அளவு க்ரீம், மறுபடி மாய்ஸ்சரைசர். உதட்டோரத்திலும் மூக்கோரத்திலும் வாசலின். ஆரம்பத்தில் வாரம் இரண்டு இரவுகள் மட்டும். தோல் பழகப் பழகக் கூட்டினேன். அந்த இரவுகளில் கிளைகாலிக், சாலிசிலிக் போன்ற தோலை உரிக்கும் அமிலங்கள் எதுவும் கிடையாது.

முதலில் மாறியது தொடும்போது தெரியும் வழவழப்பு. புள்ளிகள் மங்கப் பல மாதங்கள் ஆயின. நெற்றியின் மெல்லிய கோடுகள் தணிந்தன, ஆனால் சிரிப்புக் கோடு அப்படியேதான் இருக்கிறது. பருக்குழிகளும் அசையவில்லை. குழிக்கும் இது போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெளிச்சத்தில் ட்ரெட்டினாயின் சிதைந்துவிடும் என்பதால் இரவில் மட்டும். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன். அதைப் போட அலுப்புப்படுபவர்கள் இதைத் தொடாமலே இருக்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இந்த வைட்டமின் ஏ குடும்பமே வேண்டாம்.

என் தங்கைக்குப் பரு மட்டும்தான் பிரச்சினை. அவளுக்குக் கொடுத்தது இதே குடும்பத்து அடாபலீன், 0.1 சதவீதம். எரிச்சல் குறைவு, வெளிச்சத்துக்கும் தாங்கும், பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தோடு சேர்த்தே போடலாம். என்னைவிடச் சீக்கிரம் அவளுக்குப் பலன் தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.