குரங்கணி மலைக்குப் பணம் கட்டி ஏமாந்தோம்: போனது 16,500 ரூபாய்

போன சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, குரங்கணியில் வனத்துறைச் சோதனைச்சாவடி முன்னால் ஆறு பேர் பையும் தொப்பியுமாக அசடு வழிய நின்றோம். இன்று வெள்ளி. கட்டிய 16,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. மலையில் ஒரு நாள் நடை போய்வரலாம் என்று நினைப்பவர்கள், முக்கியமாக நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஏறிப் பார்த்த உயரம் என்றால் பாம்பன் ரோட்டுப் பாலமும் ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதமும்தான். அதைப் பர்வதம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்கு. ஆனால் 2017இல் அரிச்சல்முனைக்கு ரோடு திறப்பதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலேயே நடந்து போய்வந்த கூட்டம் நாங்கள். "மணல்ல நடந்தவனுக்கு மலை என்ன மாப்ள" என்று மச்சான் ஒருநாள் ஆரம்பித்து வைத்தார். போடியில் ரூம் போடுவது, சனிக்கிழமை குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை போய்ச் சாயங்காலம் இறங்கிவிடுவது, ஞாயிறு டாப் ஸ்டேஷன் பாதை. ராத்திரி மலையில் தங்கும் வேலையே கிடையாது. இதுதான் திட்டம்.

மச்சான் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். ஊர் ஊராக ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டிப் போகிற பக்கம். மேகம், ஓடை, டென்ட் என்று படம் படமாக இருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. இன்று ஒரு பெயர், நாளை வேறு பெயர் என்று வரப்போகிறவன்தானே.

எங்கே நம்பினேன் என்று ஆறு நாளாக யோசிக்கிறேன். அந்தப் பக்கத்தை நடத்துகிறவன் முதல் போனிலேயே "ஊரு எதுண்ணே?" என்றான். மண்டபம் என்றதும், "அட, எங்க அம்மாச்சி ஊரு உச்சிப்புளிண்ணே! சின்னப் பிள்ளையில லீவு பூரா அங்கதான்" என்றான். அவ்வளவுதான். உச்சிப்புளிக்காரி பேரன் நம்மை ஏமாற்றுவானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அப்புறம் நண்டு என்ன விலை போகிறது என்று விசாரித்தான். ஆறு பேருக்கும் ஷூ சைஸ் கேட்டான். யாருக்காவது மூட்டு வலி, ஆஸ்துமா உண்டா என்று கேட்டான். அதைப் பெற்ற தாய்கூடக் கேட்டதில்லை என்று சித்தப்பா மகன் உருகிப் போனான்.

ஆளுக்கு 2,750. வனத்துறை அனுமதி, வழிகாட்டி, போடியிலிருந்து ஜீப், இரண்டு வேளைக் கட்டுச்சோறு, ரூம் எல்லாம் அதில் அடக்கம். ஜனவரிக் கடைசியில் மொத்தம் 16,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். போடும்போது திரையில் ஒரு பெண் பெயர் வந்தது. அந்தப் பக்கத்தின் பெயரும் இல்லை, அவன் சொன்ன பெயரும் இல்லை. விரலை எடுத்துவிட்டுப் போன் போட்டுக் கேட்டேன். "அக்கா அக்கவுண்ட்டுண்ணே, கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா ஜிஎஸ்டி தனியா வரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றான். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவன் நான். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அழுத்தினேன்.

பத்து நாளில் அனுமதிச் சீட்டு பிடிஎப் வந்தது. கூடவே கொண்டு வரவேண்டிய பொருள் பட்டியல். அதில் அட்டைக் கடிக்கு உப்பு என்று போட்டிருந்தது. வாலிநோக்கம் உப்பு அரைக் கிலோவை ஆறு பொட்டலமாகக் கட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன். அத்தனை ஒழுங்கு நான்.

வெள்ளி ராத்திரி பஸ் ஏறி மதுரை போய், விடியுமுன் போடி. ஜீப் இல்லை. "உள்ளூர் வழிகாட்டி" என்று கொடுத்த நம்பர் சுவிட்ச் ஆப். சரி, ஏதோ தடங்கல் என்று நாங்களே ஒரு ஜீப் பேசிக் குரங்கணி போய்விட்டோம். சோதனைச்சாவடியில் நடுவயது வனக்காப்பாளர் ஒருவர் சீட்டை வாங்கி, சீல் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தேய் தேய்த்தார். பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினார். சீலில் ஊர்ப் பெயர் "குரங்கனி" என்று இருந்தது. இரண்டு சுழி ன.

"எங்க ஊருப் பேரை நாங்க தப்பா எழுதுவமா தம்பி?"

தீக்காலம் என்று மலையேற்றத்தையே மூடிவைத்திருக்கிறார்கள். யாருக்கும் அனுமதி கிடையாது. என் கையில் இருந்த உப்புப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "மார்ச் மாசத்துல அட்டைக்கா?" என்று சிரித்தார். மேலே நிமிர்ந்து பார்த்தேன். சரிவெல்லாம் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அட்டை எங்கிருந்து வரும்? மழைக்காலத்துக்கு யாரோ எழுதிய பட்டியலைத் திருடி எங்களுக்கு அனுப்பியிருக்கிறான்.

அவர்தான் சொன்னார், வனத்துறையே 2024 அக்டோபரிலிருந்து "ட்ரெக் தமிழ்நாடு" என்று இணையத்தில் டிக்கெட் கொடுக்கிறதாம். தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளோடு தொடங்கியது, குரங்கணி – சாம்பலாறு அதில் ஒன்று. கூட வருவதும் அந்தந்த மலைப் பக்கத்து ஆட்கள். இதைத் தேடிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

இனிமேல்தான் விஷயம். ஏழரை மணிக்கு அவன் போன் எடுத்தான். நான் கத்துவதை முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அண்ணே, கேட் வழியா ஏன் போனீங்க? எஸ்டேட் பக்கமா வேற வழி இருக்கு. ஆள் அனுப்புறேன், தலைக்கு 500 மட்டும் கையில குடுத்துருங்க." மச்சான் முகத்தில் ஆசை வந்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. வந்தது வந்துவிட்டோம், போய்விடலாம் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2018 மார்ச் 11ஆம் தேதி காட்டுத் தீயில் மாட்டி 23 பேர் செத்தது இதே மலையில்தான். அதே மார்ச், அதே காய்ந்த புல். அன்று ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான். பணம் போடும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கடலில் காற்று மாறினால் படகைத் திருப்புகிற கூட்டம்தான் நாம். மலையில் தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்கு என்ன தெரியும்? 16,500 ரூபாயைத் தின்றவன், மேலே 3,000 ரூபாய்க்காக ஆறு பேரைத் தீக்குள் அனுப்பத் தயாராக இருந்தான். எனக்குப் பணத்தைவிட அதுதான் ஆறவில்லை.

திரும்பி வந்து ஞாயிறு கேட்டால் மேனேஜர் லீவு. திங்கள், "ரீபண்ட் போட்டாச்சுண்ணே, ஏழு வேலை நாள்." செவ்வாய், "நீங்க நடக்க வராம கேன்சல் பண்ணதா சிஸ்டத்துல காட்டுது, பாதிதான் வரும்." புதன், "மலையை மூடினது இயற்கைக் காரணம், எங்க பொறுப்பில்ல." உச்சிப்புளியில் எந்தத் தெரு உங்கள் அம்மாச்சி வீடு என்று கேட்டேன். வைத்துவிட்டான். வியாழன் காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

அன்றைக்குத்தான் இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு அடித்தேன். பணம் போட்டது எப்போது என்று கேட்டார்கள். ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கும் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. புகார் எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேனே, கோபத்தில் பாதி மறந்துவிட்டது. காட்டுக்குள் நடக்க அனுமதியை வனத்துறையிடம் நேராக எடுங்கள். கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், கோடையில் கட்டாயம் கேளுங்கள். பணம் போடும்போது வேறு பெயர் காட்டினால் அக்கா, அத்தை எந்தக் கதையையும் கேட்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த அன்றே 1930க்கு அடியுங்கள், ஏழு வேலை நாள் என்றதும் என்னைப் போல உட்கார்ந்துவிடாதீர்கள். கேட் மூடியிருந்தால் திரும்பி வாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா மகன் தன் போனைக் கொண்டுவந்து நீட்டுகிறான். இவன் நம்பரை அந்த ஏமாற்றுக்காரன் இன்னும் பிளாக் செய்யவில்லை போல. ஸ்டேட்டஸில் அதே மேகப் படம், கீழே "குரங்கணி, இந்த சனி ஞாயிறு, 4 சீட் மட்டுமே, ஆளுக்கு 2,750."