இன்கொனல் 718 ஷீட் + பில்லர் ராடு: ஆர்கான் வெல்டிங் பண்றவங்க வாங்கலாமா?

இன்கொனல் 718ங்கிறது சூடு தாங்குற நிக்கல் அலாய். இதுல 2 எம்எம் ஷீட், அதே 718 கிரேடு பில்லர் ராடு (வெல்டுல உருக்கிச் சேக்கிற கம்பி), ரெண்டும் சேர்த்து ஒரு ஸ்டாக்கிஸ்ட் கிட்ட எடுத்தோம். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்கியே பழகின ஆளுக்கு விலைய கேட்டா தல சுத்தும், அதுல 50 சதவீதத்துக்கு மேல நிக்கலே இருக்கு, வேற வழியில்ல.

வெல்டிங்னு வந்தா நிக்கல் சூப்பர் அலாய்கள்லயே இது ரொம்ப சாது. வாஸ்பலாய், ரெனே 41 மாதிரி அலுமினியம் டைட்டானியம் தூக்கலா இருக்கிற கிரேடுல பீடு (வெல்டு வரி) பாக்க அழகா இருக்கும், டிபி டெஸ்ட்டும் (சாயம் போட்டு கிராக் பாக்குறது) பாஸாகும், அப்புறம் ஏஜிங்குக்கு (வலு ஏத்துறதுக்கு சூட்டுல வைக்கிறது) பர்னஸ்ல விட்டா வெல்டு ஓரமா கிராக் விட்டுரும், ஏன்னா அதுல காமா பிரைம்ங்கிற வலு குடுக்கிற துகள் கடகடன்னு உருவாகி, வெல்டு ஸ்ட்ரெஸ் இறங்குறதுக்கு முன்னாடியே மெட்டல் இறுகிப் போயிடும். 718ல 5 சதவீதம் நியோபியம் இருக்கு, அதனால வர்ற காமா டபுள் பிரைம் துகள் செம சோம்பேறி, அது மெதுவா வர்றதுக்குள்ள ஸ்ட்ரெஸ் இறங்கிடும். காசு குடுக்கிறதே இந்த சோம்பேறித்தனத்துக்குத்தான்னு நான் சொல்லுவேன்.

ஆனா அதே நியோபியம்தான் தலவலியும். பூல் (உருகின மெட்டல் குட்டை) எஸ்எஸ் மாதிரி ஓடாது, கொழகொழன்னு நிக்கும், ஓடட்டும்னு கரண்ட்ட ஏத்தினா பீடுக்கு பக்கத்துல கிரெய்ன் (மெட்டலோட குட்டி குட்டி படிகம்) ஓரங்கள்ல இருக்கிற நியோபியம் கார்பைடு சுத்தி உருகி, கண்ணுக்கு தெரியாத கிராக் விழும். பீடுக்குள்ள நியோபியம் ஒதுங்கி லாவெஸ் பேஸ் வேற வரும், அது கண்ணாடி மாதிரி நொறுங்குற ஐட்டம். வெல்டு முடிஞ்சு 980 டிகிரி சொல்யூஷன் (கரைக்கிறதுக்கான சூடு) குடுத்தா லாவெஸ் முழுசா போகாது, சுத்தி டெல்டாங்கிற இன்னொரு நியோபியம் பேஸ் ஊசி ஊசியா முளைக்கும், 1095 கிட்ட போனா கரையும் ஆனா கிரெய்ன் பெருசாயிடும், ஷீட்டும் வளையும். எது வேணும்னு ஜாப்ப பாத்து முடிவு பண்ணிக்கோங்க. கரண்ட்ட கம்மியா வெச்சு, சின்ன சின்ன பீடா போட்டு, ஒவ்வொரு பாஸும் நல்லா ஆறவிட்டா லாவெஸ் கொஞ்சமாவது கம்மியாகும், கிரேட்டர (பீடு முடியிற இடத்துல விழுற குழி) நிரப்பிட்டு ஆர்க்க எடுங்க, ப்ரீஹீட் (முன்னாடியே சூடாக்குறது) எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஏஜிங் 720 டிகிரில 8 மணி நேரம், அப்புறம் மெதுவா 620 டிகிரிக்கு இறக்கி அங்கயும் வைக்கணும், மொத்தம் 18 மணி நேரம், பர்னஸ் பில்லயும் விலையோட சேத்துக்கோங்க.

650 டிகிரிக்கு மேல ரொம்ப நாள் ஓடுற பார்ட்டுக்கு இத எடுக்காதீங்க, டபுள் பிரைம் டெல்டாவா மாறி வலு போயிடும். வெறும் துருவுக்கு பயந்து வாங்குறீங்கன்னா இன்கொனல் 625 போதும், ஏஜிங் தொல்லையே இல்ல.

ஆர்டர் போடும்போது அனீல்டு (சூடு குடுத்து மென்மையாக்கின) கண்டிஷன்னு கேளுங்க, ஏஜ் பண்ணினத தலைல கட்டிடப் போறாங்க. டெஸ்ட் சர்டிபிகேட்ல சல்பர், பாஸ்பரஸ், போரான் கம்மியா இருக்கான்னு பாருங்க, எங்களுக்கு வந்தது சுத்தமா இருந்துச்சு. ஷீட் மேல பிளாஸ்டிக் பிலிம் ஒட்டி வருது, உரிச்சதும் அந்த பசைய அசிட்டோன் போட்டு தொடச்சிட்டுதான் டாக் (பிடிச்சு வைக்கிற சின்ன வெல்டு) போடணும். 5க்கு 4.