ஆரஞ்சு லைட்டும் அமெரிக்கத் தாளும்

நேற்று தென்காசியிலிருந்து சேக்காளி ஒருத்தன் போன் போட்டான். "என்னவே, ஒம்ம வீட்ல இருக்க பிரிண்டர் வெல கொறஞ்சிருக்கு. லினக்ஸ்ல ஒழுங்கா ஓடுதா? வாங்கலாமா?" சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் ஆனபோது நான் பதில் சொல்கிற நிலையில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மனைவி டியூஷன் எடுக்கிறாள், வினாத்தாள் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, டெபியன் என்கிற லினக்ஸ் வகை. இரண்டரை வருஷம் ஆகிறது. வேகம், டோனர் கதையெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருப்பார்கள், அதை விடுங்கள். வாங்கி வந்த அன்று ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும் என்று பிளாஸ்கில் காபியெல்லாம் போட்டு வைத்திருந்தேன். யூஎஸ்பி வயரைச் சொருகினேன், பெயர் பட்டியலில் வந்தது, சோதனைப் பக்கமும் வந்தது. டிரைவர் சிடி உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

மறுநாள் ஆரம்பித்தது ஆரஞ்சு லைட். பிரிண்ட் கொடுத்தால் உள்ளே ஒரு உறுமல், அப்புறம் கம்மென்று ஆகிவிடும், மூடிக்குப் பக்கத்தில் ஆரஞ்சு மினுக் மினுக் என்று எரியும். ஸ்கிரீனில் ஒரு வார்த்தை வராது. பச்சைப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினால் அடித்துத் தள்ளும், ஆனால் சில சமயம் பக்கத்தின் கடைசி வரியைக் காணோம். பத்தாவது கேள்வி இல்லாமலே பரீட்சை எழுதிய பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு என் மேல் தனிப் பிரியம்.

பல மாசம் பட்டனை அமுக்கியே ஓட்டினேன். கடைசியில் ஜங்ஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "லினக்ஸா? வேற ஆளு கெடைக்கலையா ஒங்களுக்கு? விண்டோஸ் போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, தாள் இழுக்கிற ரோலரை மாற்றி 650 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ரோலர் தேய்ந்திருந்தது உண்மைதான், அதற்கு முன்னால் இரண்டிரண்டு தாளாக இழுக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து சொருகியதும் அதே ஆரஞ்சு.

விஷயம் இதுதான். என் ட்ரேயில் இருப்பது ஏ4, 210க்கு 297 மிமீ. கம்ப்யூட்டர் அனுப்புகிற வேலை லெட்டர் என்கிற அமெரிக்க அளவு, 216க்கு 279. உயரத்தில் கிட்டத்தட்ட 18 மிமீ குறைவு, அகலத்தில் கொஞ்சம் கூட. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. திருநெல்வேலியில் லெட்டர் தாளுக்கு நான் எங்கே போக? டெர்மினலில், அதாவது கட்டளை தட்டுகிற கருப்பு ஜன்னலில், எல்பிஆப்ஷன்ஸ் என்கிற கட்டளையைப் போட்டு, பிரிண்டர் பெயரும் கொடுத்து, கடைசியில் மைனஸ் எல் சேர்த்தால் நீளமாக ஒரு பட்டியல் வரும். பேஜ்சைஸ் என்ற வரியில் எதற்கு முன்னால் நட்சத்திரம் இருக்கிறதோ அதுதான் நடப்பில் இருக்கிறது. எனக்கு லெட்டர் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 போட்டு, லினக்ஸில் பிரிண்ட் வேலையைக் கவனிக்கிற கப்ஸ் என்கிற மென்பொருளின் பக்கத்தில் ஏ4 ஆக்கினேன். இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் மறுபடி ஆரஞ்சு. பார்த்தால், டைப் பண்ணுகிற லிப்ரே ஆபீஸில் புதுக் கோப்பு திறந்தால் அது பிறக்கும்போதே லெட்டராகப் பிறக்கிறது.

வேர் எங்கே என்றால், டெபியன் போட்ட அன்றைக்கு அவசரத்தில் என்டர் என்டர் என்று தட்டிக்கொண்டே போனதில் நாடு அமெரிக்கா என்று பதிவாகியிருந்தது. கடிகாரம் தப்பாக ஓடியது, அதை மட்டும் கொல்கத்தா நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கே முழித்திருக்கலாம். லொகேலை, அதாவது நாடு, மொழி சொல்கிற அமைப்பை, இந்தியாவுக்கு மாற்றியதும் தாளும் ஏ4க்கு வந்தது.

ஆக, தப்பு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'தாள் அளவு பொருந்தவில்லை' என்று ஸ்கிரீனில் ஒரே ஒரு வரி காட்டினால் என்ன கேடு? அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் உள்ளே பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள், மேல் வெறி ஏறியதற்குச் சொல்லப்படும் கதையே ஒரு பிரிண்டர் கதைதான். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தாள் சிக்கினால் ஆளுக்குத் தகவல் போகிற மாதிரி பழைய பிரிண்டருக்கு எழுதி வைத்திருந்தார், புதுசாக வந்ததற்கு மூல நிரல் கிடைக்கவில்லை. 1983இல் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். நாற்பது வருஷம் தாண்டியும் என் வீட்டு மாடியில் ஆரஞ்சு லைட் மட்டும்தான் பேசுகிறது.

நேற்று சாயங்காலம் மனைவி ஏதோ அமெரிக்கத் தளத்திலிருந்து கணக்குப் பயிற்சித்தாள் பிடிஎஃப் இறக்கிக் கொடுத்தாள். அந்தப் பக்கமே லெட்டர் அளவு. கீழே பிள்ளைகள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது, மேலே ஆரஞ்சு. தாளுக்குத் தக்கபடி அளவை மாற்றுகிற 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை டிக் பண்ண மறந்திருக்கிறேன். "அந்தப் பட்டன அமுக்குங்களேன்" என்கிறாள் அவள், ரொம்ப சாதாரணமாக.

இத்தனை நாளில் டிரைவர் தொல்லை ஒரு தடவைகூட வந்ததில்லை, அப்டேட் போட்டு எதுவும் நின்றதில்லை, ஸ்கேனரும் சொன்ன பேச்சு கேட்கிறது. போன வாரம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன். சேக்காளிக்கு 'வாங்காதேயும்' என்று அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, வாங்கினால் முதலில் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாரும், 631இல் ஏ4 போடும் என்று இன்னொன்றும் அனுப்பினேன். 'ஆர்டர் போட்டாச்சுவே' என்று பதில் வந்திருக்கிறது.